தெரியாது அக்கா

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எங்கள் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு இந்த மாதம் ஆளுக்கொரு மறக்க முடியாத மனிதரைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று சூசை உத்தரவு போட்டிருந்தான். சூசை என் கூட்டாளி. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற சோலி போக மீதி நேரத்தில் பத்திரிகாசிரியர். நானோ எட்டாம் வகுப்பை இரண்டு தடவை ரசித்துப் படித்துவிட்டு, மூன்றாம் தடவையும் போய் உட்கார்ந்தால் வாத்தியாருக்கு அலுத்துப்போகுமே என்று நின்றுகொண்டவன். ஏரிக்கரையில் மகாராணி என்கிற மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன். மகாராணி கடிப்பாள், நான் சிரிப்பேன், அப்படி ஓடுகிறது எங்கள் இருவர் பிழைப்பும். பேசாமல் மகாராணியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்தால் அக்காதான் வந்து நிற்கிறாள். "உனக்கு அதெல்லாம் தெரியுமாடா?" என்று கேட்கிறாள்.

அக்காவின் பெயரைப் போடவில்லை. போட்டால் அவள் அம்மா என்னை விளக்குமாற்றால் வரவேற்பாள். செண்பகனூரில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் அப்பா, ஏரிக்கு மேலே இருந்த ஒரு அமெரிக்க மிஷன் பங்களாவில் சமையல்காரர். ஊருக்கு அவர் பட்லர், எனக்குப் பட்லர் மாமா. அவர் பெண்சாதி எனக்கு அத்தை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார்கள், நாங்கள் வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போவோம், கேக்கு மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது.

எங்கள் ஊரில் "தெரியாது" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் பிழைக்க முடியாது. கீழ்நாட்டிலிருந்து சீசனுக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பதற்கென்றே மலையேறுகிறார்கள். இது என்ன பூ, அந்த மலைக்கு அந்தப் பக்கம் எந்த ஊர், இந்த மரத்துக்கு என்ன வயசு. கேள்வி முடிவதற்குள் எங்களிடம் பதில் தயாராக இருக்கும். மரத்துக்கு இருநூறு வயசு. கொடைக்கானலில் எந்த மரத்தைக் கேட்டாலும் இருநூறு வயசுதான்.

நான் குதிரைக் கயிற்றைப் பிடிக்கத் தொடங்கிய புதிது. மதுரையிலிருந்து ஒரு ஜவுளிக்கடை முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். ஏரியே தெரியாமல் மூடுபனி அப்பிக் கிடந்தது. "இது எப்பப்பா வெலகும்?" என்றார்.

"பத்து மணிக்கு டாண்ணு வெலகிரும் மொதலாளி. அதுக்குள்ள குதிரையில ஒரு சுத்து சுத்திட்டு வந்துருங்க."

முதலாளி ஒரு காலைத் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடப் பையோடு அந்த வழியாகப் போன அக்கா நின்றாள். "எப்ப வெலகும்னு யாருக்கும் தெரியாதுங்க. சாயங்காலம் வரைக்கும் இப்பிடியே கெடந்தாலும் கெடக்கும்" என்றாள். முதலாளி காலைக் கீழே இறக்கினார். குடும்பம் மொத்தமும் ஓட்டலுக்குத் திரும்பிப் போனது.

நான் அவள் வழியை மறித்தேன். "ஏக்கா, எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியே?"

"தெரியாததப் போயி தெரியும்னு சொல்றியே, வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட்டா மகாராணிக்கு வயிறு ரொம்புமா?"

"தெரியாதுடா. வெக்கப்பட்டுப் பாரேன்."

அன்றைக்கு நான் வைத்த பெயர்தான் தெரியாது அக்கா. பஜாரில் நாலு பேர் இருக்கும்போது அப்படியே கூப்பிட்டேன், கோபம் வரட்டும் என்று. திரும்பிப் பார்த்து, "என்னடா?" என்றாள். கேலி செய்தால் கோபப்பட வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் நடந்ததை நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். பாடம் முடிந்தால் பிஸ்கட் தருவார்கள் என்பதால் எனக்கும் அந்த நேரத்தில் பக்தி வந்துவிடும். பாடம் சொல்லும் ஐயா ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, "நீ செத்தா எங்க போவ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாப் பிள்ளைகளும் மோட்சத்துக்கு என்று பாடின. நானே வெளியிலிருந்து மோட்சத்துக்கு என்று முனகினேன். அக்கா எழுந்தாள்.

"தெரியாதுங்கய்யா."

ஐயா பிஸ்கட் டப்பாவை மூடிவிட்டார். எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

சாயங்காலம் பட்லர் மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்கள். மாமா வீட்டுக்கு வந்து மகளை எதிரே நிறுத்தினார். "ஏம்மா, எல்லாப் பிள்ளையும் சொல்றதச் சொல்லிட்டு உக்கார வேண்டியதுதான?"

"நான் இன்னும் சாகலையேப்பா. போயிப் பாத்தாத்தான தெரியும்?"

மாமா சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அத்தைதான் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "பொட்டப்பிள்ள வாயில வர்ற வார்த்தையா இது!"

அவளை அமெரிக்காவுக்கு அனுப்பியதும் அந்தத் தெரியாதுதான். பங்களாவில் ஒருநாள் விருந்து. பட்லர் மாமா ரொட்டி சுடுவதில் கெட்டிக்காரர். மாவு பொங்கி நிற்பதைப் பார்த்து விருந்தாளி ஒருவர் இது எப்படிப் பொங்குகிறது என்று கேட்டிருக்கிறார். மாமா உடனே "ஆண்டவர் கிருபை" என்றார். தட்டெடுக்க வந்த அக்காவைப் பார்த்துக் கேட்டதும் அவள் தெரியாது என்றாள். அதோடு போயிருந்தால் சரி. மறுநாளிலிருந்து பங்களா அடுப்படியில் மாவுச் சட்டிகள் முளைத்தன. ஒன்று அடுப்புப் பக்கத்தில் போர்வை போர்த்திக்கொண்டு, ஒன்று வெளியே பனியில் நடுங்கிக்கொண்டு, ஒன்று ஈஸ்டைக் கொதிக்கவைத்து ஊற்றியதால் செத்துப்போய். மூன்று நாள் பங்களாவில் தேநீருக்கு ரொட்டி இல்லை. மாமா வேலை போயிற்று என்றே நினைத்துப் பெட்டியைக் கட்டத் தொடங்கினார். பங்களாத் துரையின் மனைவி மிசியம்மா அடுப்படிக்கு வந்தாள். செத்த மாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அக்காவோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். துரைசானி தரையில் உட்கார்ந்ததைப் பார்த்து மாமா நின்றுகொண்டே அழுதார்.

அடுத்த வருஷம், அணா போய் நயா பைசா வந்த சமயம், துரையும் மிசியம்மாவும் லீவில் சொந்த ஊர் போகும்போது அக்காவையும் ஒரு காலேஜில் சேர்ப்பதற்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டருக்குப் படிக்க. கப்பலில்.

பட்லர் மாமா அன்றைக்கே டாக்டரோட அப்பா ஆகிவிட்டார். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒருவன் மதுரைக்குப் பஸ் ஏறினால், பஸ் வளைவு திரும்புவதற்குள் அவன் ஏட்டையா. மாமா பஜாருக்கு வந்தால் கறிக்கடைக்காரர் எழுந்து நிற்பார். "டாக்டரம்மா எப்பிடி இருக்காங்க?" மாமா தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "நல்லாருக்கு. வெள்ளைக்காரனுக்கே ஊசி போடுதாம்" என்பார்.

இந்த நாளில்தான் அவர் மெலிய ஆரம்பித்தார். அகலமான ஆள், சட்டை தொளதொளவென்று ஆடியது. நான் சும்மா இருப்பேனா? "மாமா, ஒங்க சட்டைக்குள்ள எனக்கும் எடம் இருக்கும் போலருக்கே. வாடகைக்கு விடுறீங்களா?"

"இருக்கட்டும்லே. எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கேன்."

நான் கைகொட்டிச் சிரித்தேன். பஜாரே சிரித்தது. என்னத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நாலு வருஷம் கழித்து, ஒரு மே மாதம், துரை குடும்பத்தோடு அக்கா திரும்பி வந்தாள். பஸ் நிலையத்தில் மாலை, மேளம், அலங்கார வளைவு. வளைவில் "டாக்டர் அம்மா வருக" என்று எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு, பசை காய்ச்சினேன். அக்கா கப்பல் வெயிலில் கறுத்து, கொஞ்சம் உயர்ந்து, அதே சடையோடு இறங்கினாள். படியில் கால் வைப்பதற்குள் கிழங்குக் கடைக்காரர் வாயை ஆவென்று திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார்.

"அண்ணே, நான் டாக்டர் இல்லைங்க."

மேளக்காரர் அடித்துக்கொண்டே இருந்தார். கிழங்குக் கடைக்காரர் வாயை மூடவில்லை. அக்கா இன்னும் சத்தமாகச் சொன்னாள். "டாக்டர் படிப்பு இனிமேத்தான் ஆரம்பிக்கும். வர்ற செப்டம்பர்ல. அங்க மொதல்ல நாலு வருஷம் வேற படிப்பு படிக்கணும். அத முடிச்சாத்தான் டாக்டர் காலேஜுல சேப்பாங்க."

மேளம் ஓய்ந்தது.

"அப்ப இந்த நாலு வருஷமா என்னதான்மா படிச்ச?" என்றார் கறிக்கடைக்காரர்.

"தவளை, பூச்சி, ரசாயனம், கணக்கு. அப்பறம் கொஞ்சம் அவங்க ஊரு சரித்திரம்."

"டாக்டருக்கு எதுக்கும்மா சரித்திரம்?"

"அது எனக்கும் தெரியலைங்க."

நம் ஊரில் பையன் காலேஜில் ஒரு வருஷம் முடித்தால் நேராக மெடிக்கல் காலேஜ். இது என்ன, டாக்டர் ஆவதற்கு முன்னால் நாலு வருஷம் டாக்டர் ஆகாமல் இருக்கப் படிப்பது! ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பஜார் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொண்ணு ஃபெயில். மரியாதைக்காகக் கதை சொல்லுது. நான் ஃபெயில் ஆனவர்களுக்கெல்லாம் தலைவன் என்ற முறையில் அவளுக்கு ஆதரவு தெரிவிக்கலாம் என்று காலையில் சுவரைத் தாண்டிப் போனேன். அமெரிக்க மிட்டாயும் இருக்கும். இருந்தது, நுழைந்ததுமே அத்தை கையில் ஒன்று வைத்தாள்.

அடுப்படியில் ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி போட்டு, பட்லர் மாமா குளித்து, நெற்றி வரை எண்ணெய் வைத்துச் சீவி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "வாலே, நீயும் பாரு" என்றார். அக்கா பல் துலக்கிவிட்டு வந்தாள்.

மாமா பனியனைத் தூக்கினார்.

விலாவுக்குக் கீழே, வலது பக்கம், ஒரு சௌசௌக் காயை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. என் கையிலிருந்த மிட்டாயை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"யாருட்டயும் காட்டலம்மா" என்றார் மாமா. முகமெல்லாம் சந்தோஷம். "ஒங்கம்மாகிட்டகூட. நீ போன மறுவருஷமே சின்னதா நெல்லிக்கா மாதிரி வந்துச்சு. ஊரு ஆஸ்பத்திரி இந்தா இருக்கு, போகல. பங்களாவுக்குப் புதுசா வந்த துரை மாத்திரை குடுத்தாரு, வாங்கிக் கொல்லையில போட்டேன். எம்மக படிச்சிட்டு வரட்டும், அவ கையிதான் மொதல்ல படணும். மொதப் போணி நாந்தான்."

போணி என்றால் கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கடையைத் திறந்ததும் நடக்கிற முதல் வியாபாரம். அது நல்ல கையாக அமைந்தால் அன்றைக்குப் பூராவும் ஓடும். என் மகாராணி மேலேகூட முதல் சவாரிக்கு நல்ல முகமாகப் பார்த்துத்தான் ஏற்றுவேன். மகளுடைய டாக்டர் தொழிலுக்கு நல்ல போணியாக இருக்க வேண்டும் என்று இந்த மனுஷன் ஒரு வியாதியைப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறார்.

அத்தை அடுப்புக்கு முன்னாலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாரும்மா. என்னன்னு சொல்லு."

"எனக்குத் தெரியாதுப்பா."

"நேத்து பஸ்ல எறங்கி ஊருக்குச் சொன்ன, சரி. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லு."

"நெசமாவே தெரியாதுப்பா. இத இன்னும் அவங்க எனக்குச் சொல்லித் தரவே இல்ல."

"தொட்டாவது பாரு."

அவள் தொடவில்லை. தொட்டால் ஏதோ தெரிந்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாளோ என்னவோ. மாமா பனியனை மெதுவாக இறக்கினார். "அப்ப இத்தன வருஷமும் வீணா?" என்று கேட்டார். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். அன்று முழுக்க மகளிடம் பேசவில்லை.

அக்கா மறுநாள் அவரை ஊர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அவர்கள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மதுரைக்கு வெரசாப் போங்க என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அத்தையும் கூட வந்தாள், பெட்டி தூக்க நான். வத்தலக்குண்டு வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு விலாவைப் பிடித்துக்கொண்டார்.

மதுரை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். "ஏன்யா, இத்தன நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்த?" என்று சத்தம் போட்டார்.

மாமா படுத்தபடியே நெஞ்சை நிமிர்த்தினார். "எம்மக அமெரிக்காவுல டாக்டருக்குப் படிக்குதுங்க. அது வந்து பாக்கட்டும்னு யாரையும் தொடவிடலைங்க."

பெரிய டாக்டர் கை கழுவப் போனார். குழாயைத் திறந்தவர், கையை நீட்டாமலே நின்றார். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அக்காவைப் பார்த்து, "நீயாம்மா? எந்த வருஷம்?" என்றார்.

"இன்னும் சேரல சார்."

அவர் இங்கிலீஷில் தணிந்த குரலில் பேசத் தொடங்கினார். அக்கா கேட்டுக்கொண்டாள், நடுநடுவே ஏதோ கேட்டாள். மாமா பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டார். "பாத்தீங்களா? ரெண்டு டாக்டரும் கலந்து பேசுறாங்க." அந்தப் பூரிப்பைப் பார்க்க முடியாமல் நான் தாழ்வாரத்துக்கு ஓடினேன். ஓடிய வேகத்தில் திரும்பியும் வந்தேன். அத்தை தனியாக நின்றாள்.

பெரிய டாக்டர் போனதும் மாமா கேட்டார். "என்னம்மா சொல்றாரு?"

"லேட்டாயிருச்சுங்கிறாருப்பா. அறுத்துப் பாக்கணுமாம்."

"பொழச்சுக்குவேனா?"

வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. தரை கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

"தெரியலப்பா."

அத்தை மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அடிப் பாவி, ஒரு பொய்யச் சொல்லேண்டி! ஒனக்கு வாய்க்குள்ள ஒரு பொய்யிகூடவா இல்ல?"

"அவரு எங்கிட்ட எதத்தான் நம்பிக் கேக்குறாரும்மா? நான் பொய் சொல்ல மாட்டேன்னுதான கேக்குறாரு?" அக்காவின் குரல் உடைந்தது. அப்பாவிடம் குனிந்தாள். "பெரிய டாக்டர்கிட்டயும் இதத்தாம்பா கேட்டேன். அவரும் தெரியலன்னுதான் சொல்றாரு."

மாமா கண்ணை அகல விரித்தார். "அவருக்குமா தெரியல?"

"ஆமாப்பா."

"அத்தாம் பெரிய டாக்டருக்கே?"

"ஆமா."

மாமா கூரையைப் பார்த்தார். வயிறு குலுங்க, வலியோடு, சிரிக்க ஆரம்பித்தார். "அப்ப நீ டாக்டர்தான்!" என்றார். கோபம் போன இடம் தெரியாமல் கையை நீட்டினார். "இந்தா, நாடியாவது பாக்கத் தெரியுமா?"

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தில் கண்ணை வைத்து உதடு அசைய எண்ணினாள். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, எண்ணுவதை நிறுத்தவில்லை.

"தொண்ணூத்தாறுப்பா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"போணி ஆயிருச்சு" என்றார் மாமா. பக்கத்துக் கட்டிலுக்கும் அதற்கு அடுத்த கட்டிலுக்கும் தொண்ணூத்தாறு என்று சொல்லி அனுப்பினார். அது பெரிய மார்க்கு என்று நினைத்து அவர்களும் கும்பிட்டார்கள்.

வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அடுப்படி ஜன்னல் ஓரமே கட்டில் போடச் சொன்னார் மாமா. தினம் காலையில் விளையாட்டாகக் கேட்பார். "என்னம்மா, இன்னைக்காவது தெரிஞ்சுதா?"

"தெரியலப்பா."

"இந்தப் பொண்ண வச்சுக்கிட்டு..." என்று சிரிப்பார். ஊர்க்காரர்கள் வந்து வந்து, எங்க சித்தப்பாவுக்கு இதவிடப் பெரிசா இருந்துச்சு, எந்திரிச்சு ஓடிட்டாரு என்று சொல்வார்கள். நானும் பூண்டி மலையில் ஒரு கிழவர் எழுந்து பூண்டு மூட்டை தூக்கிய கதையைச் சொன்னேன். அந்தக் கிழவரை அன்றைக்குத்தான் பிறப்பித்தேன். மாமா எல்லாரையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் மகளைத்தான் பார்ப்பார்.

ஆடிக் காற்று தொடங்கிய ஒரு காலை. கேட்டார்.

"என்னம்மா, இன்னைக்காவது தெரிஞ்சுதா?"

அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுருச்சுப்பா."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

மாமா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "எப்ப?"

"அது தெரியாது."

"சரிம்மா." அவர் அத்தையைக் கூப்பிட்டார். "அந்தச் செவலக் கோழிய அடிச்சிரு. மொளகு நான் சொல்ற மாதிரி போடணும், ஒன் இஷ்டத்துக்குக் கொட்டாத." தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து, பங்களா விருந்துக்குச் செய்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிச் சமைக்க வைத்தார். அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை. எங்களைத் தின்னச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான கோழியை அவ்வளவு கஷ்டப்பட்டு விழுங்கியதில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

அதற்கப்புறம் அக்காவை எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். திரும்பப் படிக்கப் போவியா? எல்லாருக்கும் ஒரே பதில்தான், உங்களுக்கே தெரியும். கல்லறையிலிருந்து வரும் வழியில் நான் மட்டும் வேறு மாதிரி கேட்டேன். "ஏக்கா, நீ போகலைன்னா மாமா சும்மாவா செத்தாரு?" கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. அவள் என்னை நின்று பார்த்தாள். அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். "நான் போனதாலதானடா செத்தாரு" என்றாள். அவள் நிச்சயமாகப் பேசி நான் கேட்ட இன்னொரு தடவை அதுதான்.

செப்டம்பர் வருவதற்கு முன்னால் பெட்டியைக் கட்டினாள். பஸ் நிலையத்தில் மாலையும் இல்லை, வளைவும் இல்லை. அத்தை, நான், டிக்கெட் கொடுத்துக்கொண்டு சூசை. படியில் ஏறி நின்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"போறேம்மா."

சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தை எட்டி மகளின் வாயைப் பொத்தினாள். "வாரேன்னு சொல்லுடி! வாரேன்னு சொல்லு!"

அக்கா அம்மாவின் கையை வாயிலிருந்து எடுத்து, கண்ணில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது அவள் படித்து முடித்து நிஜ டாக்டராகிவிட்டாள். அங்கேயே ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பழகுகிறாளாம். எப்ப வருவ என்று அத்தை எழுதச் சொல்லி நான்தான் எழுதிப் போடுகிறேன். தெரியலம்மா என்று பதில் வருகிறது.

போன வாரம் அத்தை வீட்டுக்குப் போனேன். காபி என்று என் கையில் சீயக்காய்த் தண்ணீரைக் கொடுத்தாள். குடித்து வைத்தேன். அப்புறம் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தால், இடது கண்ணில் பால் ஊற்றினது போல வெள்ளை. வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது.

"அத்தை, எத்தன நாளா இப்பிடிக் கெடக்கு? கெளம்புங்க. நாளைக்கு வெள்ளனே மொத பஸ்ல மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு நாள் சோலி."

"வேணாம்யா. எம்மக வரட்டும்."

"மாமாவப் பாத்துமா இப்பிடிச் சொல்றீங்க?"

"கண்ணுதான? உசுரு இல்லையே" என்றாள் அத்தை, என் முகம் இருக்கும் பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு. "அந்த மனுசன் உசுரையே வச்சிருந்து குடுத்தாரு. நான் ஒரு கண்ண வச்சிருக்கக் கூடாதா?"

நான் நேராக பஸ் நிலையத்துக்குப் போய் சூசையைப் பிடித்தேன். "ஏலே, நீயாவது வந்து அத்தைட்ட சொல்லு. அன்னைக்கு ஒன் பஸ் படியில நின்னுதான அது போறேன்னு சொல்லுச்சு? வாரேன்னு ஒரு வார்த்த சொல்லலையே. அது வரவே வராதுன்னு சொல்லி அத்தையக் கெளப்புடா" என்று கத்தினேன்.

சூசை டிக்கெட்டுக் கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னான்: "வரமாட்டேன்னும் அது சொல்லலையேடா."